கைபேசிப் புதுப்பிப்பு தாமதமானால் யாரைக் கேட்பது?

மார்த்தாண்டத்திலிருந்து ஓர் ஆசிரியை அனுப்பிய கேள்வி இது. அவர் உள்ளூர்க் கடையில் வாங்கிய நடுத்தர விலை ஆண்ட்ராய்டு கைபேசிக்குப் புதிய பதிப்பு இன்னும் வரவில்லை. குவைத்தில் வேலை பார்க்கும் அவருடைய கணவர் அங்கே வாங்கிய அதே மாடலுக்கு வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. கடைக்காரர் சிம் நிறுவனத்தைக் கைகாட்டுகிறார். நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில் கூகுளைச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் 'படிப்படியாக வரும், காத்திருங்கள்' என்பதற்கு மேல் பதில் இல்லை. தவறு யாருடையது, காத்திராமல் கடையில் கொடுத்துச் 'சாஃப்ட்வேர் போட்டு' வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுப்பின் பெரும்பகுதி, கைபேசியைத் தன் பெயரில் விற்றுப் பணம் வாங்கிய நிறுவனத்தையே சேரும். சிப் தயாரிப்பாளருக்கும் கூகுளுக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு காலத்தில் பெரிதாக இருந்த அந்தப் பங்கு இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டது. இந்தியாவில் சிம் நிறுவனத்துக்கு இந்த விஷயத்தில் அநேகமாக வேலையே இல்லை. பெட்டியை எடுத்துக்கொடுத்த கடைக்காரரைக் குறைசொல்லவும் முடியாது, ஆனால் அவர் சொல்லும் காரணத்தை நம்பவேண்டிய அவசியமும் இல்லை.

வராமல் இருப்பது எது என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. அமைப்புகளில் 'மொபைல் பற்றி' என்ற பகுதிக்குப் போனால் மூன்று தகவல்கள் தனித்தனியாகத் தெரியும். ஒன்று ஆண்ட்ராய்டின் பதிப்பு எண். இது ஆண்டுக்கு ஒருமுறை மாறுவது. அடுத்தது பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி, அதாவது செக்யூரிட்டி பேட்ச். மூன்றாவது கூகுள் பிளே சிஸ்டம் புதுப்பிப்பின் தேதி. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 தொடங்கி, இயங்குதளத்தின் சில பகுதிகளைக் கைபேசி நிறுவனத்தின் கையை எதிர்பார்க்காமல் கூகுளே நேரடியாக அனுப்புவதற்கு இந்த வழி பயன்படுகிறது. முதல் இரண்டும் கைபேசி நிறுவனம் அனுப்பினால்தான் வரும். புதிய பதிப்பு வரவில்லையே என்று பலரும் வருந்துகிறார்கள். உண்மையில் கவலைப்படவேண்டியது இரண்டாவது தேதியைப் பற்றித்தான். புதிய பதிப்பு ஆறு மாதம் பிந்தினால் சில வசதிகள் பிந்தும், அவ்வளவே. பாதுகாப்புத் திருத்தம் ஆறு மாதம் பிந்தினால், ஊரறிந்த ஓட்டைகளோடு உங்கள் வங்கிக் கணக்கும் யுபிஐயும் அந்தக் கைபேசிக்குள் இருக்கின்றன என்று பொருள்.

பேச்சிப்பாறை அணையைத் திறந்த அன்றே கடைவரம்பு வயல்களுக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை. அனந்தனாறு, தோவாளைச் சானல்களில் ஒவ்வொரு மடையாகக் கடந்துதான் வரவேண்டும். ஆண்ட்ராய்டின் பயணமும் அப்படிப்பட்டதே. கூகுள் மூலநிரலை வெளியிடுகிறது. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள், தங்கள் சிப்பில் அது ஓடுவதற்கான டிரைவர் மென்பொருளைச் சரிசெய்து தருகின்றன. அதை வாங்கிக் கைபேசி நிறுவனம் தன் கேமரா, தன் திரை, தன் தோற்றம், தன் செயலிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டி, கூகுள் வகுத்துள்ள பொருந்துதல் சோதனைகளில் தேறச்செய்து, பிறகு மக்களுக்கு அனுப்புகிறது. எந்த மடையில் அடைபட்டது என்று கடைவரம்பில் நிற்பவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் மேலே இருப்பவரைக் கைகாட்டித் தப்பிக்க முடிவது இதனால்தான்.

சிப் நிறுவனம்தான் காரணம் என்ற வாதத்தில் ஒருகாலத்தில் நிறைய உண்மை இருந்தது. 2016-ல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோது, குவால்காமின் ஸ்னாப்டிராகன் 800, 801 சிப்களைக் கொண்ட உயர்விலைக் கைபேசிகள் அதிகாரப்பூர்வமான புதுப்பிப்பு இல்லாமல் நின்றுவிட்டன. சோனியின் எக்ஸ்பீரியா இசட்3 அந்தப் பதிப்பின் முன்னோட்டத்தில் பங்கெடுத்திருந்தும் இறுதிப் பதிப்பு அதற்குக் கிடைக்கவில்லை. வாங்கியவர் பணம் கொடுத்தது சோனிக்கு. ஆனால் பழைய சிப்புக்குப் புதிய டிரைவர் எழுதுவதால் எந்தச் சிப் நிறுவனத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கூகுள் 2017-ல், ஆண்ட்ராய்டு 8 உடன், புராஜெக்ட் டிரெபிள் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. சிப்போடு ஒட்டிய பகுதியையும் ஆண்ட்ராய்டின் மேல்பகுதியையும் தெளிவான ஓர் எல்லை வகுத்து அது பிரித்துவைத்தது. கீழே உள்ள பகுதியைத் தொடாமலே மேலே உள்ளதை மாற்றலாம் என்ற நிலை அதன்பிறகு வந்தது. 2020 டிசம்பரில் குவால்காமும் கூகுளும் சேர்ந்து, புதிய சிப்களுக்கு நான்கு ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு வழிசெய்வதாக அறிவித்தன. 2025 பிப்ரவரியில் அது உயர்விலைச் சிப்களுக்கு எட்டு ஆண்டுகள்வரை என்றானது. எனவே இரண்டு மூன்று ஆண்டுக்குள் வாங்கிய கைபேசிக்கு 'சிப் கம்பெனி தரவில்லை' என்ற பதிலை யாராவது சொன்னால், அதைச் சந்தேகத்தோடு கேட்பதே சரி. மலிவு விலைச் சிப்களில் மட்டும் அந்தக் காரணத்துக்கு இன்னும் ஓரளவு உயிர் இருக்கிறது.

கூகுளின் குற்றம் வேறு வகையானது. 2011-லேயே பல கைபேசி நிறுவனங்களை மேடையேற்றி, வெளியான நாளிலிருந்து 18 மாதங்களுக்குப் புதுப்பிப்பு தருவோம் என்று கூட்டாக அறிவிக்கவைத்தது. பிறகு அந்தப் பேச்சே இல்லாமல் போனது. 2014 செப்டம்பரில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய இந்திய நிறுவனங்களோடு ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை முதன்முதலில் இங்கேதான் தொடங்கியது. மலிவு விலைக் கைபேசிக்கும் புதுப்பிப்பு தவறாமல் வரும் என்பதே அதன் கவர்ச்சி. அதுவும் நிலைக்கவில்லை. கைபேசி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் வலிமை கூகுளுக்கு இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. தன் செயலிகளை மொத்தமாக முன்கூட்டியே நிறுவவேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளை அது எப்படித் திணித்தது என்பதற்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ₹1,337.76 கோடி அபராதம் விதித்தது. தன் வணிகத்துக்காக அத்தனை கறாராக ஒப்பந்தம் எழுதத் தெரிந்த நிறுவனம், முதல் ஆண்டில் குறைந்தது நான்கு பாதுகாப்புத் திருத்தங்களாவது தரவேண்டும் என்ற நிபந்தனையைத் தன் ஒப்பந்தங்களில் சேர்த்த செய்தி 2018-ல்தான் வெளியே வந்தது. முதல் ஆண்ட்ராய்டு கைபேசி சந்தைக்கு வந்து அதற்குள் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி முதன்மைப் பொறுப்பாளிக்கு வருவோம். பெங்களூரில் ஒரு கைபேசி நிறுவனத்தின் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்திருக்கிறேன். எந்த மாடலுக்கு முதலில் புதுப்பிப்பு தயாரிப்பது என்ற வரிசை, பொறியாளரின் மேசையில் முடிவாவதில்லை. விலை உயர்ந்த மாடல் முன்னால் நிற்கும். அதற்கடுத்து, விற்பனை அதிகமானதும் புகார் அதிகமானதும். நடுத்தர, மலிவு விலை மாடல்கள், எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் வரிசையின் கடைசியில் நிற்கும். பண்டிகை விற்பனைக்கு முன் ஒரு புதிய மாடல் வெளிவரவேண்டும் என்றால், பழைய மாடலுக்கான வேலையில் இருந்தவர்களை அதற்கு மாற்றிவிடுவார்கள். விற்றுமுடித்த கைபேசிக்குச் செய்யும் வேலை கணக்கில் செலவாகவே நிற்கும், புதிய கைபேசிக்குச் செய்யும் வேலை வரவாக மாறும் என்பதால் யாரும் இதைத் தவறாக நினைப்பதும் இல்லை. பெயரை மட்டும் மாற்றி, கேமராவில் சிறு வேறுபாடு செய்து, ஆண்டுக்குப் பத்திருபது மாடல்களை இறக்குவது என்பது அந்த நிறுவனம் தானாக எடுத்த முடிவு. அத்தனை மாடல்களையும் தனித்தனியாகச் சோதிக்கவேண்டியிருக்கிறதே என்று பிறகு அதையே தாமதத்துக்குக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இதற்கு ஊரறிந்த சான்று ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு 15-இன் மூலநிரல் 2024 செப்டம்பர் தொடக்கத்தில் வெளியானது. சாம்சங், ஆண்ட்ராய்டின் மேல் தான் போர்த்தும் தோற்றமான ஒன் யுஐ-இன் 7-ஆம் பதிப்பை ஆண்ட்ராய்டு 15-இன் அடிப்படையில் பெரிய அளவில் மாற்றியமைத்து, அதைப் புதிய எஸ்25 வரிசையோடு முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டின் எஸ்24 வைத்திருந்தவர்களுக்கு அது 2025 ஏப்ரலில்தான் வரத்தொடங்கியது. ஏறத்தாழ ஏழு மாதம். அடுத்து ஆண்ட்ராய்டு 16, 2025 ஜூன் 10-ல் வந்தது. அதே சாம்சங் அதன் அடிப்படையிலான ஒன் யுஐ 8-ஐ எஸ்25 கைபேசிகளுக்குச் செப்டம்பரிலேயே அனுப்பத்தொடங்கிவிட்டது. சிப் வழங்கும் முறை தலைகீழாகவில்லை. நிறுவனம் வேறு மாதிரி திட்டமிட்டது, ஏழு மாதம் மூன்றாகியது. தாமதத்தின் சாவி எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

பாதுகாப்புத் திருத்தங்களில் சாக்குச் சொல்ல இன்னும் குறைந்த இடமே உண்டு. ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை 2015-ல் பெரும் பரபரப்பை உண்டாக்கியதற்குப் பிறகு, அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டுவருகிறது. அறிக்கை பொதுவெளிக்கு வருவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கைபேசி நிறுவனங்களுக்கு விவரம் போய்விடும். உங்கள் கைபேசியில் அந்தத் தேதி மாதத்தின் 1 அல்லது 5 என்று முடிவதைப் பார்க்கலாம். 1 என்றால் ஆண்ட்ராய்டின் பொதுவான பகுதிகளுக்கான திருத்தம். 5 என்றால் இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல், சிப் சார்ந்த திருத்தங்களும் சேர்ந்தது. ஆனால் தேதியையும் முழுமையாக நம்பிவிட முடியாது. 2018-ல் ஜெர்மனியின் செக்யூரிட்டி ரிசர்ச் லேப்ஸ் ஆய்வாளர்கள், திருத்தம் வந்துவிட்டதாகத் தேதி காட்டிய சில கைபேசிகளில் அந்தத் திருத்தங்களில் சில உள்ளே இல்லவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கூகுளையும் இங்கே விட்டுவிடக்கூடாது. மாலி கிராஃபிக்ஸ் சிப்பில் கண்ட ஐந்து ஓட்டைகளை அதை வடிவமைத்த ஆர்ம் நிறுவனம் 2022 ஜூலை, ஆகஸ்டிலேயே அடைத்துக்கொடுத்தும், அந்த ஆண்டு நவம்பர்வரை பல நிறுவனங்களின் கைபேசிகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச்சேரவில்லை. அவற்றில் கூகுளின் சொந்தப் பிக்சலும் ஒன்று. அதை வெளியே சொன்னதும் கூகுளின் ஆய்வுக்குழுவேதான் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

அவசரமும் கேடு விளைக்கும் என்பதை மறைக்கக்கூடாது. ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தில் வந்த ஷாவ்மி மி ஏ3 கைபேசிக்கு 2020-ன் கடைசி நாட்களில் ஆண்ட்ராய்டு 11 புதுப்பிப்பு வந்தது. நிறுவியவர்களில் பலருக்குக் கைபேசி உயிரற்றுப்போனதால், அந்த விநியோகத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. சாம்சங்கின் ஒன் யுஐ 7 விநியோகமும் 2025 ஏப்ரலில் ஒரு பிழைக்காகச் சில நாள் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே முதலில் சிறு பங்கினருக்கு அனுப்பி, புகார் வருகிறதா என்று பார்த்து, பிறகு விரிவாக்கும் முறையில் குறைகாண ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் சேவையில் 'படிப்படியாக' என்று சொல்வது இதைத்தான். அந்தப் படிகள் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். மாதக்கணக்கில் நீள்வதற்கு அந்தச் சொல் விளக்கமாகாது.

சிம் நிறுவனத்தின் மீது பழிபோடும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கைபேசிகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களே பெருமளவில் விற்பதால், புதுப்பிப்பையும் அவை சோதித்து ஒப்புதல் தரவேண்டியிருக்கிறது. நாம் கைபேசியை ஒரு கடையிலும் சிம்மை வேறோர் இடத்திலும் வாங்குகிறவர்கள். இங்கே 2022 அக்டோபர் 1-ல் 5ஜி தொடங்கியபோது நடந்தது நேர்எதிரானது. அலைக்கற்றை தயார், கைபேசிக்குள் 5ஜி வன்பொருளும் தயார், அதை இயக்கிவிடும் மென்பொருள் புதுப்பிப்பு மட்டும் பல கைபேசிகளுக்கு வரவில்லை. மத்திய அரசே கைபேசி நிறுவனங்களையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் அழைத்துப் பேசவேண்டிவந்தது. சிப், இயங்குதளம், கைபேசி மூன்றையும் தன் கையிலேயே வைத்திருக்கும் ஆப்பிள்கூட ஐஓஎஸ் 16.2 மூலம் டிசம்பரில்தான் அதைத் திறந்துவிட்டது.

உங்கள் கணவரின் கைபேசிக்கு முந்தி வந்ததன் காரணம் நாட்டுக் குறியீடு. நம் மாவட்டத்தில் வளைகுடாவிலிருந்து கைபேசி வராத தெருவே இல்லை என்பதால் இதைச் சற்று விளக்குவது பலருக்கும் பயன்படும். ஒரே மாடலானாலும், எந்த நாட்டுச் சந்தைக்கு அனுப்பப்பட்டதோ அதற்கான மென்பொருள் அதில் இருக்கும். சாம்சங் கைபேசிகளில் இந்தியாவுக்கு ஐஎன்எஸ், ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எக்ஸ்எஸ்ஜி, சவூதிக்கு கேஎஸ்ஏ என்று குறியீடுகள் உண்டு, மற்ற நிறுவனங்களும் இதுபோல ஏதோ ஒன்றை வைத்திருக்கின்றன. புதுப்பிப்பு அந்தக் குறியீட்டின் வரிசைப்படி வரும், நீங்கள் இப்போது குழித்துறையில் இருக்கிறீர்களா குவைத்தில் இருக்கிறீர்களா என்று பார்ப்பதில்லை. இந்தியப் பதிப்பில் நம்நாட்டு நிறுவனங்களின் 4ஜி, 5ஜி குரல் அழைப்பு அமைப்புகள், விளம்பரத்துக்காகச் சேர்க்கும் செயலிகள் எல்லாம் தனியாகச் சோதிக்கப்படவேண்டியிருப்பதால் சில நேரம் பிந்தும், சில நேரம் முந்தவும் செய்யும். எங்கு பிந்துவது என்பதும் நிறுவனம் எடுக்கும் முடிவுதான்.

நம் பக்கமும் ஒரு பங்கு இருக்கிறது. பெரிய புதுப்பிப்பு இரண்டு மூன்று ஜிபி அளவுக்கு வரலாம். நம்மில் பெரும்பாலோர் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற கட்டணத் திட்டத்தில் ஓட்டுகிறவர்கள். வைஃபை கிடைத்தால் இறக்குகிறேன் என்று கைபேசி காத்திருக்கும், வீட்டில் வைஃபை இருக்காது. பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அலைக்கற்றையே பெரும்பாடு. இவை போதாதென்று, காலை வணக்கப் படங்களால் நினைவகம் நிறைந்து, இறக்க இடமில்லாமல் கிடக்கும் கைபேசிகளையும் நிறையப் பார்க்கிறேன். வந்து காத்திருக்கும் புதுப்பிப்பையும் வராத புதுப்பிப்பையும் குழப்பிக்கொள்ளாமல், வைஃபை உள்ள இடத்தில் ஒருமுறை நீங்களே தேடிப்பாருங்கள்.

சட்டத்தின் துணை இங்கே குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் சந்தைக்கு அனுப்பப்படுவது நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்காவது புதுப்பிப்புகளுக்கு விதி வகுத்திருக்கிறது. அதற்கு முன், நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பு இதே குறைக்காகச் சாம்சங் மீது தொடுத்த வழக்கில் 2018-ல் தோற்றதும் நடந்தது. இந்தியாவில் கைபேசிப் புதுப்பிப்புக்கு இத்தனை ஆண்டு என்று கட்டாயச் சட்டம் இல்லை. ஆனால் விளம்பரத்திலோ பெட்டியிலோ நிறுவனம் தானே எழுதிக்கொடுத்த வாக்குறுதி மீறப்பட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேள்வி கேட்கலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிவுசெய்யுங்கள்; அதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள பொருளுக்கு மனுக்கட்டணம் இல்லை. மனு எழுதும்முன் வாக்குறுதியின் சொற்களைக் கவனமாகப் படியுங்கள். 'நான்கு பதிப்புகள்' என்றால் எண்ணிக்கைக்குத்தான் உறுதி, வேகத்துக்கு அல்ல. ஆண்டுக் கணக்கும் பெரும்பாலும் மாடல் வெளியான நாளிலிருந்து தொடங்குமே தவிர, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல; ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் தள்ளுபடியில் விற்கும் மாடல்களில் அந்தக் கணக்கு ஏற்கெனவே ஓர் ஆண்டு கழிந்திருக்கலாம். மாதந்தோறும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனப் பாதுகாப்புத் திருத்தம் பெறும் மாடல்களின் பட்டியலைச் சாம்சங் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அடுத்த கைபேசி வாங்கும்போது, அது எந்த நிறுவனமானாலும், இப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடையில் 'சாஃப்ட்வேர் போடுவது' பற்றி: வேண்டாம். இந்தியக் குறியீட்டுக்கு நிறுவனம் இன்னும் வெளியிடாத கோப்பு கடைக்காரரிடம் இருக்க வழியில்லை. அவர் போடப்போவது வேறு நாட்டுப் பதிப்பாகவோ, யாரோ மாற்றியமைத்ததாகவோ இருக்கும். அதற்காகக் கைபேசியின் பூட்லோடர் பூட்டை, அதாவது நிறுவனத்தின் மென்பொருளை மட்டுமே ஏற்றவிடும் பூட்டைத் திறந்தால் உள்ளே உள்ளது அனைத்தும் அழியும், உத்தரவாதமும் சிக்கலாகும், பல வங்கிச் செயலிகளும் பணம் செலுத்தும் செயலிகளும் அந்தக் கைபேசியில் ஓட மறுக்கும். பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். புதிய பதிப்பிலிருந்து பழையதற்கு இறங்குவதைப் பல கைபேசிகள் வன்பொருள் அளவிலேயே தடுத்துவிடுகின்றன. உங்கள் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால் பொறுத்திருங்கள். ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால், மாடல் எண்ணையும் அந்தத் தேதியையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்; அதுவரை அந்தக் கைபேசியில் பெரிய தொகை உள்ள வங்கிக் கணக்கை வைத்துக்கொள்ளாதீர்கள்.